விழுந்தது பரிசு!

சூதாட்ட மண்டபம் என்றால் அயல்நாட்டுச் சமாசாரம் என்றுதானே நினைக்கிறீர்கள், சகோதரிகளே? எங்கள் காரிமங்கலத்துக் கடைவீதியிலும் அது இருந்தது. கயிறு கட்டி, துணி காயப் போட்டாற்போல் சீட்டுகள் தொங்கும். லாட்டரிக் கடைதான்!

1968-ல் அண்ணா முதல்வராயிருந்தபோது தமிழக அரசின் பரிசுச் சீட்டு வந்தது. சீட்டு ஒரு ரூபாய்; பரிசு ஒரு லட்சம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். பிறகு வெளிமாநிலச் சீட்டுகள், அன்றாடக் குலுக்கல்கள்! எதிர்வீட்டு அக்காவின் தாலிக்குண்டுகூட அடகுக்குப் போயிற்று. கணவர் பத்திரிகையில் நம்பர் தேடுவார். அக்கா பானையில் அரிசி தேடுவாள்.

2003 ஜனவரியில் அரசு லாட்டரிக்குத் தடை விதித்தது. அந்த மாதம் சம்பளம் முழுசாக வீடு வந்தது. இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்:

"பரிசு எனக்குத்தான் விழுந்திருக்கு, கண்ணு!"