வன்மையும் சிக்கனமும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது பொம்மையார்பாளையம். பழம்பெருமை வாய்ந்த வீரசைவத் திருமடத்தால் பெயர் பெற்ற இவ்வூரில் கடலையே நம்பி வாழும் குடும்பங்கள் பல. முன்னாளில் கட்டுமரங்கள் கிடந்த மணலில் இந்நாளில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன. இன்று கடலுக்குப் போகலாமா, வேண்டாவா என்பதே இங்கு ஒவ்வொரு நாளும் எழும் வினா. போகாவிடின் அன்றைய கூலி இல்லை. போகத்தகாத நாளில் போயின் உயிருக்கே இறுதி நேரலாம். இவ்வினாவிற்கு விடை காண இருவேறு கருவிகள் துணை செய்கின்றன. ஒன்று, புனே நகரில் வானிலையைக் கணிக்கும் மீத்திறன் கணினி. மற்றொன்று, மீனவர் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் செல்லும் விலை குறைந்த கைப்பேசி. இரண்டிற்கும் மூளையாக அமைந்தவை நுண்செயலிகளே. எனினும் அவற்றின் இயல்பு பெரிதும் வேறுபட்டது.

நுண்செயலி என்பது நகத்தளவுச் சிலிக்கன் வில்லையில் கோடிக்கணக்கான மின்விசைகளை அடக்கிய பொறி. கடிகாரத் துடிப்பிற்கேற்ப அவ்விசைகள் திறந்தும் மூடியும் கணக்கிடுகின்றன. துடிப்பு மிகுந்தால் வேகம் மிகும். ஆனால் வேகத்தை மிகுக்க மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். செலவாகும் மின்திறனோ அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். துடிப்பைப் பாதியாக்கி, அழுத்தத்தைப் பத்தில் ஏழு பங்காகக் குறைத்தால், மின்திறன் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும் என்பது உண்மையே. ஆயினும் மொத்த மின்செலவு பாதியளவே. மெல்ல நடப்பவன் குறைந்த உணவில் நெடுந்தொலைவு செல்லுதல் போன்றது இது.

வேலை செய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. திருமணச் சமையற்கூடத்தில் தலைமைச் சமையற்காரர் உலை கொதிக்கும் வரை வாளா நில்லார். அதற்குள் காய் அரியச் சொல்வார், தேங்காய் துருவச் சொல்வார். 'பந்திக்கு இருநூறு பேர் வருவர்' என்று ஊகித்து இலையும் நறுக்கி வைப்பார். ஊகம் பொய்த்தால் இலை வீண். வன்மை மிக்க நுண்செயலியும் இத்தகையதே. கட்டளைகளை வரிசைப்படி நோக்காமல், எதற்குரிய எண்கள் கைக்கு வந்துள்ளனவோ அதனை முன்னே முடிக்கும். இனி எவ்வழி செல்ல நேரும் என ஊகித்து அவ்வழிக் கணக்கையும் செய்து வைக்கும். ஊகம் தவறினால் செய்ததை எறிந்துவிடும். எறிந்த கணக்கிற்கும் மின்சாரம் செலவாயிற்றன்றோ? சிக்கன நுண்செயலி வீட்டுச் சமையல் போன்றது. பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யும். எண் வந்து சேராவிடின் காத்திருக்கும். அதனால் தாமதம் நேரும், வீண் குறையும்.

இச்சிக்கனத்தின் வரலாறு சுவையானது. 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் சிறு நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர் ஆர்ம் என்ற நுண்செயலியை வடித்தனர். விலையைக் குறைக்க அதனைப் பீங்கானில் அன்றிப் பிளாஸ்டிக் உறையில் பொதிய வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் மிகுந்த வெப்பம் தாங்காது. ஆகவே ஒரு வாட்டிற்கு மேல் மின்திறன் கொள்ளாதவாறு அமைக்க முயன்றனர். முதல் வில்லை வந்தது, ஓடியது. மின்னளவியோ சுழியத்தைக் காட்டியது! மின்சாரம் தரும் இணைப்பைக் கொடுக்கவே மறந்திருந்தனர். மற்றக் கம்பிகளின் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிற்று. இன்று உலகின் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வழி வந்த நுண்செயலிகளால் இயங்குவனவே. மலிவு வேண்டித் தொடங்கிய முயற்சி மின்கலத்தில் வாழும் கருவிகளுக்கெல்லாம் உயிராயிற்று.

நம் நாட்டினரும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையில் சக்தி என்னும் நுண்செயலிக் குடும்பம் உருவாக்கப்பட்டது. சிறு கருவிகளுக்கு ஒரு வகை, பெருங்கணக்கிற்கு வேறொரு வகை எனப் பணிக்கேற்பப் பிரித்தே அவர்கள் திட்டமிட்டனர்.

இனி, பெருங்கணக்கின் அளவைக் காண்போம். 2018ஆம் ஆண்டில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 'பிரத்யூஷ்' என்னும் மீத்திறன் கணினி நாட்டிற்கு அளிக்கப்பட்டது. நொடிக்குப் பதினெட்டு உட்கருக்களும் 210 கோடித் துடிப்புகள் துடிக்கும் இன்டெல் நுண்செயலிகள் ஆயிரக்கணக்கில் அதனுள் அமைந்தன. அவை ஒவ்வொன்றும் 120 வாட் வரை கொள்வன. வீட்டு மின்விசிறி ஒன்றை ஓட்ட 75 வாட் போதும் என்பதை நினைத்தால், அவற்றைக் குளிர்விப்பதே தனித்தொழில் என்பது விளங்கும். 2024 செப்டம்பரில் இதனினும் வலிய 'அர்க்கா' அங்கு நிறுவப்பெற்றது.

இத்துணை ஆற்றல் எதற்கு? வானிலையைக் கணிக்க நிலவுலகு முழுவதையும் கட்டம் கட்டமாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். 12 கிலோமீட்டர்க் கட்டத்தை 6 கிலோமீட்டராக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலத்தையும் பாதியாக நறுக்க வேண்டியிருத்தலின் வேலை எட்டு மடங்காகும். 2025 மே திங்களில் அத்தகைய 6 கிலோமீட்டர் முறை நடைமுறைக்கு வந்தது. பெரிய கட்டத்தில் பொம்மையார்பாளையமும் புதுச்சேரியும் ஒன்றாகவே அடங்கிவிடக் கூடும்; சிறிய கட்டத்தில் அவை தனித்தனியே கணக்கில் வர வழியுண்டு.

ஆற்றல் மிகுந்தால் ஐயமே இராது என்று எண்ணிவிடலாகாது. 2024 நவம்பர் இறுதியில் வங்கக் கடலில் எழுந்த தாழ்வு மண்டலம் புயலாகுமா, ஆகாதா என்பது 29ஆம் நாள் நண்பகல் வரை தெளிவாகவில்லை. அன்று பிற்பகலில்தான் அது 'ஃபெங்கல்' புயலெனப் பெயர் பெற்றது. மறுநாள் இரவு புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்து, அவ்விடத்திலேயே பல மணி நேரம் நகராது நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவிற்கு மழை கொட்டியது. எனினும் கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் எச்சரிக்கை முன்னரே கரைக்கு வந்திருந்தது.

அவ்வெச்சரிக்கை கடலினுள்ளும் எட்ட வேண்டும். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. இக்குறையைப் போக்க 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. அது செயற்கைக்கோளிலிருந்து செய்தியைப் பெற்று, அருகிலுள்ள கைப்பேசிக்குக் கம்பியின்றி அனுப்பும். படகில் குளிரூட்டும் அறை இல்லை. உப்புக்காற்றும் வெயிலும் உண்டு. மின்சாரமோ கைப்பேசியின் மின்கலத்தில் உள்ளதே. கைப்பேசி மின்கலம் ஒன்றில் அடங்குவது இருபது வாட்-மணி அளவினது. புனேயில் உழைத்த நுண்செயலி ஒன்றை அதனுடன் பிணைத்து முழுவேகத்தில் ஓட்டினால் பத்தே நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். சிக்கன நுண்செயலியோ வேலையில்லாதபோது தன் பகுதிகளை உறங்கவிட்டு, செய்தி வந்ததும் விழித்து, அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் தமிழ் எழுத்தில் திரையிற் காட்டிவிட்டு, படகு கரை திரும்பும் வரை மின்கலத்தைக் காத்து நிற்கிறது.