நாவலும் சமூகச் சீர்திருத்தமும்

கதை படித்தல் காலத்தை வீணாக்கும் தொழில் என்பது எம் இல்லத்துப் பெரியோர் கொள்கை. வேதாகமமும் ஞானப்பாட்டும் பாடநூலும் ஒழிந்த பிறிதொன்று எம் கையில் இருக்கக் காணின், ‘தேர்வில் இதுவா வரும்?’ என்று தந்தையார் வினவுவர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த பின்னரே அவர்க்கு விடை கூற யாம் துணிந்தோம். இப்போது நாவலும் தேர்வில் வருகின்றதன்றோ?

அவ்வாறு பாடத்தின் பொருட்டு யாம் முதலில் எடுத்தது, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம். ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசு செலுத்தும் பகுதி எம்மை மிகவும் மகிழ்வித்தது. ஆயினும் உண்மையை ஒளிப்பானேன்? நீதி புகட்டும் பக்கங்கள் பலவற்றை விரைந்து புரட்டினோம். மாதர் கல்வி பெறல் வேண்டுமென்று ஆசிரியர் கூறக் கேட்டோமேயன்றி, பெறாத ஒருத்தியின் துயரை உடனிருந்து கண்டோமில்லை.

அடுத்தது அ. மாதவையரின் முத்துமீனாட்சி. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்ற இவர், 1892-ல் விவேகசிந்தாமணி என்னும் பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்று தொடங்கி இடையில் நின்றுபோன கதையே, 1903-ல் இப்பெயருடன் நூலாயிற்று. தொடங்கியபோது அவர்க்கு வயது இருபதே; எம்மினும் ஓராண்டே மூத்தவர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசிய அன்றே, அம்மண்டபத்திலேயே உயிர் நீத்தவரும் இவரே. இளமையில் மணம் செய்விக்கப்பெற்று, கணவனை இழந்து, பின்னர் மறுமணம் புரியும் பிராமணப் பெண் ஒருத்தி, தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது இந்நூல்.

தானே கூறுகின்றாள் என்பதில்தான் இதன் வன்மை இருக்கின்றது. கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-லேயே ஒப்புக்கொண்டது. சட்டம் கதவைத் திறந்துவைத்ததேயன்றி, அதன் வழியே புறப்பட்டோர் மிகச் சிலர். வீரேசலிங்கம் பந்துலு அவர்கள் ஊராரின் பகையைத் தாங்கி இராஜமகேந்திரியில் ஒரு கைம்பெண்ணுக்கு மணம் செய்வித்தது 1881-ல். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. தெலுங்கின் முதல் நாவல்களுள் ஒன்றை எழுதியவரும் அவரே என்பது தற்செயலாக நேர்ந்ததென்று எமக்குத் தோன்றவில்லை.

கைம்மைத் துயர் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதனைத் தாபத நிலை என்று வகுத்தது. புறநானூற்றிலும் அதனைப் பாடிய செய்யுட்கள் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்து, துறை விளக்கி, மதிப்பெண்ணும் பெற்றோம். கண் மட்டும் நனைந்ததில்லை. குற்றம் செய்யுளினதன்று, துறை யாதென்று மட்டும் தேடிய எம் கண்ணினது. முத்துமீனாட்சிக்கு எழுத வேண்டிய துறை ஏதுமில்லை. ஆகையால் அவள் பேசியது காதில் விழுந்தது.

ஆயினும் நூலை மூடியபோது, ‘இஃது அவர்கள் வழக்கம், நம் சபையில் இத்தகைய கொடுமை இல்லை’ என்றே எண்ணினோம். அன்றிரவு விளக்கை அணைத்த பின்னர் எம் பெரியம்மையார் நினைவிற்கு வந்தனர்.

கிறிஸ்தவர்களாகிய நம்முள் கைம்பெண்ணின் தலையை மழிப்பாரில்லை; மறுமணத்தை விலக்கும் விதியுமில்லை. இளம் விதவைகள் மணம் புரிதலே நன்று என அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியுமிருக்கின்றார். அவ்வசனத்தின் மேல் ஒரு பிரசங்கமேனும் யாம் கேட்டதாக நினைவில்லை. எம் தமக்கையின் மணத்திற்கு முந்திய நாள் மாலை, தாலி கோப்பதற்குப் பெண்கள் கூடத்திற் கூடினர். பெரியம்மையார், ‘அடுப்பில் சோறு கிடக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து அடுக்களைக்குச் சென்றனர். அவரைப் போகச் சொன்னார் எவருமில்லை; இருக்கச் சொன்னாரும் எவருமில்லை. பூத்தட்டை ஏந்தி நின்ற யாம், ‘நல்ல வேளை, தாமாகவே போய்விட்டார்கள்’ என்று உள்ளுக்குள் எண்ணினோம். அடுப்பில் அப்போது சோறு இல்லை. விருந்துச் சமையல் முழுவதும் கொல்லைப் பந்தலில் நடந்தது. அதுவும் எமக்குத் தெரியும்.

மூன்றாண்டுகளாக நினைவிற்கு வராத அந்த எண்ணத்தை வெளியே இழுத்தது ஒரு கற்பனைப் பெண்ணின் குரல். வெளியே வந்த பின்னர் அதனை மீண்டும் உள்ளே தள்ள இயலவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்நூலைப் பெரியம்மையாருக்கு நான்கு இரவுகள் உரக்கப் படித்துக் காட்டினோம். அவர்க்குக் கண் மங்கல். இடையில் ஒன்றும் பேசாதிருந்தனர். முடிவில், ‘இதை எழுதினவர் ஆண்பிள்ளையா?’ என்று கேட்டனர். ஆம் என்றோம். சற்றுப் பொறுத்து, ‘அவர் வீட்டில் யார் இருந்தார்களோ?’ என்றனர். எமக்கு விடை தெரியவில்லை. பின், மறுமணம் நிகழும் பகுதியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள்.

வரும் மே மாதத்தில் எம் சிற்றப்பாவின் மகளுக்கு மணம். தாலி கோக்கும்போது முதல் முடிச்சைப் பெரியம்மையார் இடவேண்டுமென்று எம் தாயாரிடம் கூறியிருக்கின்றோம். ‘மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ’ என்றார்கள். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. நூல் பெரியம்மையாரின் பெட்டியிலேயே இருக்கின்றது. திருப்பித் தரும்படி நூல்நிலையத்தார் எமக்கு இருமுறை நினைவூட்டிவிட்டனர்.