புள்ளிகள்

கணினி விளையாட்டொன்றைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். அதிலும் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புல்லட்ஸ்டோர்ம்’ வசைமொழியும் குருதியும் மலிந்தது. போலந்து நாட்டின் ‘பீப்பிள் கேன் பிளை’ நிறுவனத்தார் ‘எபிக் கேம்ஸ்’ நிறுவனத்தாருடன் சேர்ந்து ஆக்கிய இதனை நான் இரு தடவை ஆடி முடித்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிரேசன் ஹன்ட் என்பவன் இரகசியக் கொலைப்படையொன்றின் தலைவன். சரானோ என்னும் தளபதி சுட்டியோரையெல்லாம் குற்றவாளிகளென நம்பிக் கொன்றவன். பிரைஸ் நோவாக் என்பவனைக் கொன்ற பின்னரே, அவன் தளபதி புரிந்த குடிமக்கள் கொலைகளை ஆவணப்படுத்திய பத்திரிகையாளன் என்பது தெரியவருகிறது. படையை விட்டோடிய கிரேசன், பத்தாண்டுகளின் பின், மதுவெறியில் தளபதியின் பெருங்கப்பலைத் தாக்குகிறான். ஸ்டிஜியா என்னும் கோளில் இரு கப்பல்களும் வீழ்கின்றன. தோழர்கள் மாள, எஞ்சிய இஷி சாட்டோ பாதி இயந்திரமாக்கப்பட்டே பிழைக்கிறான். பழிவாங்கலுக்குக் கொடுத்த விலை இஷியின் முகத்திலேயே தெரியும். அதைக் கிரேசன் ஆட்டம் முழுவதும் பார்த்தபடியே நடக்கவேண்டும்.

இதுவரை பழகிய கதைதான். என்னை உறுத்தியது வேறொன்று. கிரேசன் கையில் ஒரு மின்கயிறு அகப்படுகிறது. பகைவனை அதனால் இழுத்து, உதைத்து, முள்ளிலோ பாதாளத்திலோ வீழ்த்தினால் புள்ளி கிடைக்கும். கொலை எவ்வளவுக்குப் புதுமையானதோ அவ்வளவுக்குப் புள்ளி மிகும். புள்ளியைக் கொடுத்துத் தோட்டா பெறலாம். விளையாட்டென்றால் புள்ளி இருக்கத்தானே செய்யும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அக்கருவி தளபதியின் சேனைக்குரியது. திறம்படக் கொல்லும் வீரனுக்கே தோட்டா வழங்கி, மற்றவனைக் கைவிடும் பரீட்சகன் அது. தளபதியைக் கொல்லப் புறப்பட்டவன் தளபதியின் அளவுகோலாலேயே அளக்கப்பட்டு, அவன் தரும் கூலியிலேயே நடக்கிறான். வஞ்சிக்கப்பட்டவன் எசமானை விட்டு நீங்கவேயில்லை.

ஒருநாள் இரவு என் தங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, அந்த ஆள் விழுந்திட்டான்தானே? ஏன் திரும்பவும் காலால உதைச்சனீங்கள்?”

“புள்ளி கூட வரும்.”

சொன்ன பின்புதான் அவ்விடை என் செவியில் விழுந்தது. நோவாக்கைக் கொன்றதற்காகக் கிரேசன் வருந்துவதைக் கண்டு நானும் மனமிளகியவனே. அவ்விளக்கம் விரலுக்கு எட்டவில்லை.

இரண்டாந் தடவை, புள்ளி தேடாமல் ஆடுவதென்று துணிந்தேன். நேரே சுட்டேன், வித்தை எதுவுஞ் செய்யவில்லை. அப்படியும் தலைக்குப் பத்துப் புள்ளி விழுந்தது. பாதையோ ஒன்றே, பிரிந்து செல்ல வழியில்லை. படைத்தோரின் குறைபாடென்று இதனைச் சிலர் கூறுவர். கட்டளைக்குக் கொன்றவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை என்பதே என் துணிபு. ஆயினும் கிரேசனுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கிருந்தது: கணினியை நிறுத்திவிட்டு எழும்பியிருக்கலாம்.

தங்கை உறங்கப் போய்விட்டாள். கையிருப்பில் தோட்டா குறைந்திருந்தது. அடுத்தவனை முட்புதருள் உதைத்துத் தள்ளினேன்.