பத்துக்குப் பன்னிரண்டு

பண்டாரவளைக்கு 1894-ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்துவிட்ட ரயில் பதுளையை எட்டுவதற்கு 1924 வரை முப்பது வருஷங்கள் எடுத்துக்கொண்டது என்பதைப் புஸ்தகத்தில் படித்தபோது எனக்கு விசேஷமான ஆச்சரியம் ஒன்றும் உண்டாகவில்லை. எல்ல ஸ்டேஷனைக் கடந்ததும் வண்டி, ஒரு பக்கம் தேயிலை மலையும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக, பிடித்துப் பிடித்து இறங்கத் தொடங்கிய பிறகுதான், முப்பது வருஷத்தில் இதை முடித்தார்களே என்று வியக்கத் தோன்றியது. அந்த இறக்கத்தின் நடுவில் தெமோதரை இருக்கிறது. ஸ்டேஷனில் நின்று புறப்படுகிற வண்டி, ஒரு குன்றை வலம்வருவதைப் போலச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, தான் சற்றுமுன் நின்றிருந்த அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே குடையப்பட்ட சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைத் திசையில் வெளிப்படுகிறது. மலையின் செங்குத்தை எப்படி இறங்குவது என்று தெரியாமல் தவித்த எஞ்சினியர் ஒருவர், எதிரே கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைக் கண்டு இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தார் என்று அப்பிரதேசத்தில் ஒரு கதை வழங்குகிறது.

நான் அன்று தெமோதரையில் இறங்கியது அந்தச் சுற்றைப் பார்ப்பதற்காக அன்று. அதன் பிரதியைப் பார்ப்பதற்காக.

தேயிலை ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் பழைய லயக் காம்பராவுக்குள் தெமோதரைச் சுற்றைச் சிறு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பதுளை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். குடும்பம் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் கட்டிய தனி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. காம்பரா ரயிலுக்கு என்று நின்றுவிட்டது. தோட்டத்து ரோட்டில் அரை மணி நேரம் ஏறி, பீலிக்கரையைத் தாண்டி, லயத்தின் இஸ்தோப்பில் நான் கால்வைத்தபோது, "வாங்க சேர், குனிஞ்சு வாங்க, நெலை பதிஞ்சது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததே தவிர, ஆளைக் காணவில்லை. கண் இருளுக்குப் பழகிய பின், அறையை முழுதும் அடைத்துக்கொண்டிருந்த ஒரு குன்றின் உச்சியில் சிறு கதவு ஒன்று திறந்து, நரைத்த தலை ஒன்று அதன் வழியாக மேலே வந்தது. கீழே தவழ்ந்து போய்க் குன்றின் வயிற்றுக்குள் நின்றுதான் அவர் வேலைசெய்கிறார். வேறு வழி இல்லை என்பதை அவர் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரமாணம் அடிக்கு 4 மில்லிமீட்டர். அசலில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளுக்கு வைத்த ஆரம் 5 சங்கிலி, அதாவது 330 அடி. அதை அவர் பிரமாணத்தில் சுருக்கினால் 1 மீட்டர் 32 சென்டிமீட்டர் ஆகிறது. முழு வட்டத்தின் குறுக்களவு 2 மீட்டர் 64. தோட்டத்து லயக் காம்பராவின் அளவோ, மலைநாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய பத்துக்குப் பன்னிரண்டு அடி. பத்தடி என்பது 3 மீட்டர் 5 சென்டிமீட்டர். சிலிப்பர் கட்டைகளின் முனையையும் கணக்கில் சேர்த்தால், இரு பக்கச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சாண்கூட மிஞ்சுவதில்லை. வாசலோரம் மட்டும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓர் இடம் கிடைக்கிறது; விருந்தாளி நிற்கலாம், உட்கார முடியாது. அசலான சுற்று மலையின் இடுப்பை ஒட்டி நெளிந்து போவது, அது சுத்தமான வட்டம் அன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. "வளைவுல பொய் இல்ல சேர். நீளத்துல கொஞ்சம் சுருக்கியிருக்கேன்" என்றார்.

ஏற்றத்திலும் பொய் இல்லை. 44 அடி ஓடினால் ஓர் அடி ஏறுவது என்பது அப்பாதையின் விதி. அந்த விகிதத்தில் இவருடைய வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தால் 18 சென்டிமீட்டர் 8 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. சுரங்கத்தின் கூரை, அதன்மேல் மண், மண்மேல் ஸ்டேஷன் எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்கவேண்டும், அடங்கியிருக்கின்றன. நாலு பெட்டிக்கு மேல் கோத்தால் எஞ்சினின் சக்கரம் வழுக்குகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அசல் எஞ்சினும் மழை நாளில் மணலைத் தூவிக்கொண்டுதானே ஏறுகிறது என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஆயினும் அவருடைய சிரத்தையின் சூட்சுமம் முழுவதும் தண்டவாளத்தின் அகலத்தில் இருக்கிறது. இலங்கையின் பாதை, இந்தியாவின் அகலப்பாதையைப் போல, 5 அடி 6 அங்குலம். அவர் பிரமாணத்தில் அது சரியாக 22 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் கடைகளில் விற்கும் பொம்மைத் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அதில் ஓடவிட்டால் நம் ரயில் ஓர் அடி நாலரை அங்குலம் மெலிந்துபோய்விடும். இங்கிலாந்திலேயே இந்த விசித்திரம் உண்டு. அக்காலத்து மோட்டார்கள் சிறிய எஞ்சினின் உடலுக்குள் அடங்கமாட்டோம் என்று அடம்பிடித்தமையால், உடலை அடிக்கு 4 மில்லிமீட்டராகவும் அதன் காலடியில் கிடக்கும் பாதையை அடிக்கு மூன்றரை மில்லிமீட்டராகவும் செய்து அவர்கள் ஒருவாறு ஒப்பேற்றிக்கொண்டார்கள். அதைச் சகிக்காத சிலர் மட்டும் 18.83 மில்லிமீட்டரில் தாமே பாதை போட்டுக்கொள்கிறார்கள். தெமோதரைக்கு அதுவும் போதாது. ஆகவே சக்கரங்களை வரவழைத்து, அவற்றின் அச்சுகளை மட்டும் கடைசலில் நீளமாகக் கடைந்து மாற்றியிருக்கிறார். பழைய தேயிலைப் பெட்டியின் பலகையைச் சீவி, 9 அடிக் கட்டைக்கு 36 மில்லிமீட்டர் என்று சிலிப்பர்களை அறுத்திருக்கிறார்.

குன்றுக்குள்ளிருந்து கையை நீட்டி, விரல் நீளப் பித்தளை உருளை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் இரண்டு பள்ளக் கோடுகள். இரு தண்டவாளங்களும் அக்கோடுகளில் பதிந்து உருளை தடையின்றி ஓடினால் அகலம் சரி. எங்கே இறுகுகிறதோ அங்கே ஆணியைப் பிடுங்கித் திரும்ப அடிக்கவேண்டும். வளைவுக்கென்று வேறோர் உருளை வைத்திருந்தார், மயிரிழை அகலம் கூடியது. பாதை பார்க்கிற ரயில்வே ஆட்களும் கூர்மையான வளைவில் அப்படித்தான் சற்று இளக்கம் கொடுப்பார்கள். வெளிப்பக்கத் தண்டவாளத்தின் அடியில் தபாலட்டைக் கீற்றுகளை அடுக்கி உயர்த்தியிருந்தார். மூன்று அங்குல உயர்வு என்பது அவருக்கு 1 மில்லிமீட்டர். "கண்ணுக்குத் தெரியாதே?" என்றேன். "வண்டிக்குத் தெரியும்" என்றார்.

அந்த வண்டியின் முகப்பில் நிற்கும் எஞ்சின், பால்மா டின்னின் தகரத்தை வெட்டி ஒட்டவைத்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954-இல் அனுப்பிய டீசல் எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயரையே சூட்டினார்கள். அவற்றில் முதலாவதான 'ஒன்டாரியோ'வைத்தான் அவர் செய்திருந்தார். உள்ளே தகரத்தைத் திருப்பிப் பார்த்தால் பால்மாவின் எழுத்து இன்னும் தெரிகிறது.

எல்லாரும் முதலில் கேட்பதையே நானும் கேட்டேன்: ஒன்பது வளைவுப் பாலம் எங்கே? எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே, இரும்பின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, 300 அடி நீளத்தில் 80 அடி உயரத்தில் நிற்கும் அப்பாலம், அவர் பிரமாணத்தில் 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் நீளமும் 32 சென்டிமீட்டர் உயரமும் ஆகிறது. சுற்றுக்கு வெளியே அவ்வளவு இடமில்லை. கொஞ்சம் சுருக்கினால் என்ன என்ற என் யோசனை அவருக்கு ரசிக்கவில்லை. "சுருக்குனா ஏழு வளைவுதான் வரும். ஏழு வளைவுப் பாலம் எங்க சேர் இருக்கு?" என்று கேட்டவர், அதைத் தனிப் பலகையில் கட்டிப் புது வீட்டு அலுமாரியின்மேல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

இவ்வளவு சிரத்தையும் தேயிலை விஷயத்தில் மட்டும் அவருக்கு உதவவில்லை. நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த அவர் மனைவி, இஸ்தோப்பில் உட்கார்ந்து கம்பியில் மெழுகு சுற்றிக்கொண்டே, அக்கதையை எனக்குச் சொன்னார். முதலில் இவர் ஒரு நல்ல பச்சைச் சாயத்தை வாங்கிவந்து மலை முழுவதையும் ஒரே நிறமாகத் தீட்டிவிட்டாராம். செடிகளை மேலிருந்து கீழே நூல் பிடித்தாற்போல் நட்டும்விட்டாராம். "எடுத்த மலையும் எடுக்காத மலையும் ஒரே நெறமாவா தம்பி இருக்கும்? மழை பேஞ்சா மண்ணு பூரா ஆத்துக்குத்தான் போவும்னு சொல்லி அம்புட்டையும் புடுங்கச் சொன்னேன்" என்றார். இப்போது அக்குன்றில் செடிகள் மலையின் குறுக்கே நிரையாகப் போகின்றன. நிரைகளுக்கு ஊடே காண்கள் வெட்டியிருக்கின்றன. ஒரு சரிவு கரும்பச்சையாக இருக்கிறது. அது நேற்றுக் கொழுந்து எடுத்த மலை. பக்கத்துச் சரிவில் இளம்பச்சை மேலே பூத்தாற்போல் நிற்கிறது; அது நாளைக்கு எடுக்கவேண்டியது. மூன்றாவது சரிவில் இலையே இல்லை, பழுப்புக் குச்சிகள். அது கவ்வாத்து வெட்டிய மலை. செடிகள் எல்லாம், குடித்து மீந்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துச் சாயமேற்றி ஒட்டியவையே. ஒரு விளக்குமாற்று ஈர்க்கை எடுத்து அச்செடிகளின் தலைமேல் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார் அந்த அம்மாள். கொழுந்து எடுக்கிறவர்கள் செடியின் மேல் மட்டக்கம்பு வைத்து உயரம் பார்ப்பதுண்டு. கணவரின் கையில் ரசமட்டமும் மனைவியின் கையில் ஈர்க்கும் ஒரே காரியத்தைச் செய்தன.

அவர் கையிலிருந்த மெழுகு ஒரு பெண்ணாகிக்கொண்டிருந்தது. ஐந்தடிப் பெண் 20 மில்லிமீட்டர். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே உச்சியில் விழவேண்டும், முதுகு சற்று முன்னே வளையவேண்டும், இரண்டு கையும் செடியின்மேல் இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் மனித உருவங்கள் தொப்பியும் மேலங்கியும் அணிந்து மேடையில் சும்மா நிற்பவை. இம்மலையில் அவர்களுக்கு வேலை இல்லை. தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றும் கங்காணியையும் ஒரு மூலையில் வைக்கவேண்டும் என்பது கணவரின் ஆசை. "கொழுந்து எடுக்கிற நேரத்துல தலைப்பாகை கட்டிக்கிட்டு நிக்கிற கங்காணிய நான் பாத்ததே இல்ல" என்று அம்மாள் அதைத் தள்ளிவிட்டார்.

குன்றின் உச்சியில், ஸ்டேஷனுக்கு மேற்புறம், ஒரு லயம் இருந்தது. ஒரே கூரையின்கீழ் பத்துக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டருக்கு 48 மில்லிமீட்டர். நான் என்னை அறியாமல் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தரையளவு அநேகமாகச் சமமாக இருந்தது. துரை பங்களாவின் வரைபடத்தையும் அதே பிரமாணத்தில் ஒரு பத்திரிகைத் தாளின்மேல் அவர் கோடு போட்டு வைத்திருந்தார். அதை வெட்டிக் குன்றின்மேல் விரித்தால் ஸ்டேஷனை எடுத்துவிட வேண்டியிருந்தது; அதனால் மடித்து ஆணியில் மாட்டிவிட்டார். லயத்தின் நாலாவது காம்பராவுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. "இது?" என்றேன். "நாம நிக்கிறது" என்றார்.

வண்டியை ஓட்டிக் காட்டினார். 'ஒன்டாரியோ' நாலு பெட்டிகளுடன் ஸ்டேஷனை விட்டு, கவ்வாத்து மலையைச் சுற்றி, கரும்பச்சையையும் இளம்பச்சையையும் கடந்து, எங்கள் காலடிப் பக்கமாக வந்து, தான் புறப்பட்ட இடத்தின் அடியிலேயே மறைந்தது. தேநீர் வந்தது. டம்ளரை வைக்க உள்ளே ஓரிடமும் இல்லாமையால், மூவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். இந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டேன். அம்மாள் விரல் விட்டு எண்ணினார்: மாமா, மாமி, கொழுந்தன்மார் இரண்டு பேர், இவர், தாம், பிள்ளைகள் இரண்டு. "எட்டுப் பேரு தம்பி" என்றார்.

"ஒம்பது. கைப்புள்ளைய விட்டுட்ட" என்று கணவர் திருத்தினார்.