எரிமலைத் தீவுக்கு – 1: கடலூரில் தொடங்கும் வழி

மலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளுள் ஒன்று. சில ஆண்டுகளில் இரண்டு மூன்று தடவைகூட நெருப்பைக் கக்கும். அது நிற்கும் ரீயூனியன் தீவு மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், எங்கள் கடலூர் மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்பது லட்சம். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம், யூரோதான் செலாவணி.

அந்தத் தீவின் தலைநகரான சேன் தெனிக்குப் போகலாம் என்று முடிவெடுத்து, திட்டம் போட உட்கார்ந்தேன். பயண நிறுவனங்கள் தரும் அட்டவணையெல்லாம் மேற்குக் கரையின் வெண்மணல் கடற்கரையில் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒருநாள் எரிமலை, ஒருநாள் ஹெலிகாப்டர், பிறகு திரும்பவும் கடற்கரை. நல்ல அட்டவணைதான். ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆள் அந்த வழியில் போனால், தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் விருந்து சாப்பிட்டு வந்ததாக ஆகிவிடும். அந்தத் தீவுக்கு நம்மவர்களின் வழி வேறு. அது கிழக்குக் கரை வழி. அதைக் கண்டுபிடிக்க முதலில் இங்கேயே கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது.

முதலில் தேவனாம்பட்டினம் போனேன். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகும் இடத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. கெடிலத்தின் கரையில் இடிபாடுகளும் செடி மண்டிய மேடுகளும் மிச்சம். இந்தக் கோட்டைக்கு யோகம் அடித்தது 1746இல். அந்த ஆண்டு லா பூர்தொன்னே என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரு கப்பற்படையோடு வந்து சென்னைப் பட்டினத்தைப் பிடித்தார். ஆங்கிலேயர் தங்கள் சோழமண்டலத் தலைமையகத்தைக் கடலூருக்கு மாற்றிக்கொண்டார்கள். 1752 வரை அது இங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்த இளம் கிளைவும் இந்தக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தான்.

அந்தக் கப்பற்படை எங்கிருந்து வந்தது? அன்று இல் த ஃபிரான்ஸ் எனப்பட்ட மொரீஷியசிலும், பூர்போன் எனப்பட்ட ரீயூனியனிலும் ஆளும் பொருளும் திரட்டிக்கொண்டு வந்தது. லா பூர்தொன்னே அந்த இரண்டு தீவுகளுக்கும் ஆளுநர். பூர்போனின் தலைநகரை 1738இல் சேன் போலிலிருந்து சேன் தெனிக்கு மாற்றியவரும் அவரே. ஆக, நான் போகவிருக்கும் நகரைத் தலைநகராக்கிய மனிதர்தான் சில ஆண்டுகளுக்குள் கடலூரையும், தாம் நினைக்காமலே, ஒரு தலைநகராக்கியிருக்கிறார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தபோதும், 1783இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் கடலூர்க் கடலில் ஆங்கிலக் கப்பல்களோடு மோதியபோதும், பிரெஞ்சுக் கப்பல்களுக்குப் பின்னால் தாங்கலாக இருந்தவை அந்தத் தீவுகளே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், அங்கிருந்து கப்பல் வருமா வராதா என்று புதுச்சேரி நாள்கணக்காகக் காத்துக்கிடந்தது தெரியும். எரிமலைத் தீவு நமக்குத் தூரத்து ஊராக ஆனதெல்லாம் பிற்காலத்தில்தான்.

போர்க்கப்பல்களின் கதையைவிட எனக்கு முக்கியமானது அதற்கு நூறாண்டு பிந்திய கதை.

நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறவர்களுக்கு, அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைப் பக்கம் வரும்போது காற்றில் கலந்துவரும் அந்தப் பாகு வாசனை தெரியும். கரும்பு நமக்குத் தெரிந்த பயிர். ரீயூனியனையும் கரும்புதான் ஆண்டது. அங்கே அடிமைமுறை 1848 டிசம்பர் 20ஆம் தேதி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டத்துக்குத் திரும்ப மனமில்லாமல் விலகினார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும். முதலாளிகளின் கண் தமிழ்க் கரைமீது விழுந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் முகவர்கள். அவர்களுக்குக் கீழே கிராமம் கிராமமாகச் சுற்றிய மேஸ்திரிகள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒருநாள் நடைகூட இல்லை. ஆங்கிலேய நிலத்தில் பசியோடு கிளம்பியவன் மாலைக்குள் பிரெஞ்சு நிலத்தில் நின்றான். 1860இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டபின் அதுவே சட்டபூர்வமான ஏற்றுமதியாயிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம். தோட்டங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் மேலும் மேலும் வர, 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போயிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம். அங்கேயே தங்கியவர்களின் வழிவந்தோரை இன்றும் அங்கே மலபார் என்று சொல்கிறார்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்ததோடு விட்டிருப்பேன். சிதம்பரத்தில் ஒரு மார்கழியில் அது கண்முன்னால் வந்து நின்றது.

ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில், கீழ வீதியில் தேர் நிலைக்குப் பக்கத்தில், ஒரு அம்மாவும் அவர் மகளும் வழி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் போலத்தான் இருந்தார்கள். அம்மாவின் நெற்றியில் நம் வீட்டுப் பெண்கள் வைக்கும் அதே பொட்டு. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியவில்லை. மகள் ஆங்கிலத்தில் சொன்னார்: ரீயூனியனில் சேன் அந்த்ரேயிலிருந்து வருகிறோம், பாட்டனின் பாட்டன் ஊரைத் தேடுகிறோம்.

காபி சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். தலைநகரின் ஆவணக் காப்பகத்தில் எடுத்த பதிவேட்டுப் பக்கம். பழுப்பேறிய தாள், சாய்ந்த மையெழுத்து. ஆளுக்கு ஓர் எண். பெயர், வயது, தகப்பன் பெயர், உயரம், ஊர். ஊர் என்ற இடத்தில், காதில் விழுந்ததை யாரோ ஒரு பிரெஞ்சு எழுத்தர் தன் எழுத்தில் எழுதிவைத்திருந்தார். நானும் காபிக்கடைக்காரரும் பக்கத்து மேசைப் பெரியவரும் அதைத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்துப் பார்த்தோம். புவனகிரிப் பக்கம் ஓர் ஊர் ஒத்துவந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் இன்னொன்றும் ஒத்துவந்தது. எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "ரெண்டு ஊருக்கும் போய்ட்டு வந்துடுங்கம்மா, ரெண்டும் நம்ம ஊருதான்" என்றார் பெரியவர். மகள் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா அழுதுவிட்டார்.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டது எரிமலை பார்க்க அல்ல, தீமிதிக்கு. அவர்கள் கோயிலில் குளிர்காலத்தில் நடக்குமாம். நம் ஆடி, ஆவணி அவர்களுக்குக் குளிர்காலம்.

தென்னாற்காட்டுக்காரனுக்குத் தீமிதியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே போகுமுன் இங்கே ஒருமுறை கவனமாகப் பார்த்துவிட நினைத்து, சிதம்பரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போனேன். பகலில் பாரதம் படிப்பு, இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மைதானத்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். பீமன் வேடக்காரர் கதையை ஓங்கித் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்திருந்த கலயம் உடைந்து செந்நீர் பீறிட்டது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடித்தாள். அடுத்த நிமிடமே சனம் பாய்ந்து அந்த மண்ணைப் பிடிப்பிடியாக அள்ளிக்கொண்டது. குதிரில் போட்டால் தானியம் குறையாதாம். சாயந்தரம் பூக்குழி. மூங்கில் கழிகளால் கங்கைத் தட்டித் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்த பூசாரித் தாத்தாவிடம் சொன்னேன்: "தாத்தா, கடலுக்கு அந்தாண்ட ஒரு தீவுல நம்ம ஆளுங்க இதையே பண்றாங்களாம்."

அவர் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். "காப்பு கட்டறாங்களா?"

"கட்டறாங்களாம். பதினெட்டு நாள் விரதமாம்."

"பாரதம் படிக்கறாங்களா?"

கூத்துகூட உண்டு என்றேன். பால் தமூல் என்ற பெயரில் விடிய விடிய ஆடுகிறார்கள்; ஆட்டத்தை நடத்துபவரை இன்றைக்கும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே திரௌபதி பாண்டியாலே ஆகியிருக்கிறாள். தமிழ் வீட்டுப்பேச்சில் நிலைக்கவில்லை, கிரியோல் மொழியும் பிரெஞ்சும்தான். பலர் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். வீட்டுத் தோட்டத்து மூலையில் மாரியம்மனும் இருப்பாள்.

தாத்தா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப போய் மிதிச்சிட்டு வா. இங்கருந்து மஞ்சக் கெழங்கு எடுத்துக்கிட்டுப் போ" என்றார். மறுபடி கங்கைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

பேச்சு, படிப்பு, சாதிக் கட்டு, சொந்த ஊரின் பெயர் என்று எத்தனையோ உதிர்ந்துபோன பிறகும் ஒரு சனம் நெருப்பின்மேல் நடப்பதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. அதுவும் பக்கத்திலேயே மலை நெருப்பைக் கக்கும் தீவில். இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்புவது இதைத்தான். எரிமலை அதன் பின்னணி.

பின்னணி என்று சொல்லிவிட்டாலும் அந்த மலைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு மனிதர்களின் தொடர்பைவிடப் பழையது. கடலூர் கேப்பர் மலையில் ஏறி நின்றால் காலடியில் செம்மண்ணும் மணற்கல்லும்தான். எரிமலைக் கல் கிடையாது. ஆனால் மகாராஷ்டிரத்தின் கருங்கல் பூமி முழுக்க, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்பு. எல்லோராவின் கைலாசநாதரைக் குடைந்தது அந்தக் கல்லில்தான். அந்தக் குழம்பைக் கக்கிய ஆழத்து வெப்ப ஊற்றின் மேல் அன்று இந்திய நிலம் இருந்தது. நிலம் வடக்கே நகர்ந்தது. ஊற்று ஏறத்தாழ தன் இடத்திலேயே இருந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு என்று கடலடியில் ஒரு தடம் விழுந்தது. பிறகு மொரீஷியஸ் எழுந்தது. கடைசியாக எழுந்தது ரீயூனியன். இன்று பித்தோன் த லா ஃபூர்னேசில் எரிவது அதே ஊற்றின் நெருப்பு என்கிறது புவியியல். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எரிமலையை வேடிக்கையாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியால் தேவனாம்பட்டினமும் பக்கத்துக் குப்பங்களும் என்னவாயின என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 600 பேருக்குமேல் போனார்கள். 1977 ஏப்ரலில் ரீயூனியனில் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி, பித்தோன் சேன்த் ரோஸ் என்ற சிற்றூருக்குள் வந்தது. முன்கூட்டியே ஊரைக் காலி செய்ததால் உயிர்கள் தப்பின; வீடுகள் போயின. மாதா கோயிலின் வாசலில் வந்து பிரிந்து, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடியது குழம்பு. அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மலைக்கென்று ஆய்வு நிலையம் கட்டினார்கள். மலை சீறுவதற்கு முன்னால் வரும் சிறு நடுக்கங்களை அங்கிருந்து இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் எரிவாய்ப் பகுதிக்குப் போகும் பாதையை மூடிவிடுவார்கள். பார்வையாளர்கள் அந்தக் கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும். கடல் என்ன செய்யும் என்று பார்த்த ஊர்க்காரன் இதை அழுத்திச் சொல்லலாம்.

இனி காரியத்துக்கு வருவோம். எப்போது போவது? தைப்பூசக் காவடி அங்கே பெரிய விழா. சேன் அந்த்ரே தெருக்களே நிறைந்துவிடுமாம். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே புயல் காலம். 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது உலக சாதனை. கடலூரில் ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். 2011இல் தானே புயலைக் கண்ட எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். மே முதல் நவம்பர் வரைதான் நல்ல பருவம். அந்த அம்மாவின் கோயில் தீமிதியும் அப்போதே வருவதால் ஆகஸ்ட் என்று வைத்துக்கொண்டேன்.

விசாவில் கவனம் தேவை. ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் பகுதியில் சேராது. ஐரோப்பாவுக்கு எடுத்த விசாவைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ரீயூனியனுக்குச் செல்லும் என்று அதில் குறித்திருக்க வேண்டும். இந்தியர்களுக்கான சலுகைகளும் விதிகளும் மாறுவதுண்டு. அன்றைய நிலவரத்தைப் பிரெஞ்சுத் தூதரகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் புதுச்சேரி பக்கத்தில் இருப்பது வசதி. சென்னையிலிருந்து ஏர் ஆஸ்திரால் நேரடியாகப் பறந்த காலங்கள் உண்டு. இல்லாத நாளில் மொரீஷியசில் மாற வேண்டும். மலைமேல் எரிவாயின் விளிம்பு 2,000 மீட்டருக்கும் மேலே. ஆகஸ்ட் விடியலில் கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. விலைவாசி பிரான்ஸ் விலைவாசி. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை: சோறு, பருப்பு, கறி, முருங்கைக்கீரைகூட உண்டு.

தங்குவது சேன் தெனியில், காளிகாம்பாள் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில். பிறகு சேன் அந்த்ரே, அங்கிருந்து சேன்த் ரோஸ், அதன் பிறகே மலை. ஆனால் முதல் நாள் காலை வேறோர் இடத்துக்கு என்று குறித்துவைத்திருக்கிறேன். தலைநகருக்கு மேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில், கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் ஒரு பழைய தனிமைக் கொட்டடி இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய கூலிகளை, நோய் இல்லை என்று உறுதியாகும்வரை அங்கேதான் அடைத்துவைத்தார்கள். இப்போது அதைச் செப்பனிட்டுக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தென்னாற்காட்டிலிருந்து போனவர்கள் அந்த மண்ணில் முதல் இரவு படுத்தது அந்தக் கூடங்களில். அடுத்த பகுதியை அங்கிருந்து எழுதுகிறேன்.