ஈரத் திரி

ஸ்கெலட்டன் என்று நண்பர் சொன்னதும், "எலும்புக்கூடா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோலார் தங்கவயலில் அவர் பிறந்து வளர்ந்த இடம் அது. "எங்க மாமா மைன்ஸ்ல காத்து அளந்தவர். இப்ப பட்டுப்புழுவுக்கு அளக்கிறார். வந்து பாருங்க" என்றார்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின், தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பலரும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். மாமா பேத்தமங்கலா பக்கம் பஸ் ஏறினார், ஒரு விவசாயியின் புழு மனைக்கு.

வாசலிலேயே நிறுத்தி, பிளீச்சிங் பவுடரை மிதித்துவரச் சொன்னார். "பையில பீடி, சிகரெட் இருக்கா சார்? வெளியே வெச்சிடுங்க." புகையிலை புழுவுக்கு விஷம். ஜன்னல்களில் வலை. 1980-இல் வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்த, புழுவைத் தாக்கும் ஊசி ஈக்காக அது.

சுவரில் வெப்பமானிகளாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தொங்கின. ஒன்றன் குமிழில் துணித்திரி சுற்றி, நுனியைத் தண்ணீரில் விட்டிருந்தது. "மைன்ஸ்ல கீழே பாறை கொதிக்கும் சார். வெறும் சூட்டை ஆளு தாங்குவான். ஈரமும் சேர்ந்தா சாஞ்சிடுவான். அங்கேயும் இதே கண்ணாடிதான்."

காய்ந்த குழாயில் 25, ஈரக் குழாயில் 21. நாலு டிகிரி வித்தியாசம் என்றால் காற்றில் ஏறக்குறைய 70 சதவீத ஈரம். வளர்ந்த புழுவுக்கு அது போதும். குஞ்சுப் புழுவுக்கு இன்னும் சூடு வேண்டும், ஈரமும் 80-க்கு மேல் வேண்டும். வித்தியாசம் விரிந்தால் ஜன்னலில் நனைத்த கோணி, சுருங்கினால் கதவைத் திற. திரியில் அழுக்கு ஏறினால் கணக்கே பொய்.

அன்று நாலாம் ஜுரம். தோலுரிப்பைப் புழுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன, தழை போடக்கூடாது. கதவோரத் தட்டில் மட்டும் சில புழுக்கள் சின்னதாக, இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரே முட்டை, ஒரே தோட்டத்துத் தழை. கதவிடுக்கு வழியே வந்த வெயில்காற்றில் அங்கே தழை வாடிவிட்டது. வாடிய தழையைப் புழு சரியாகத் தின்னாது. ஒரு முழம் தள்ளியிருந்த தட்டில் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

பொரித்த நாளிலிருந்து சுமார் 25 நாளில் புழு பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது. தின்னும் தழையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நாலாம் ஜுரத்துக்குப் பின்னால்தான்.

தோட்டத்தில் தழை தீர்ந்துவிட்டால் அந்தக் கடைசி வாரத்தில் வெளியே வாங்க வேண்டும். பசித்த புழு காத்திருக்காது என்பது தழை விற்பவனுக்குத் தெரியும், சொன்னதுதான் விலை. கூடு கட்டியபிறகும் இதே கதை. அந்துப்பூச்சி ஓட்டையிட்டு வெளியேறுமுன் சந்தையில் தள்ளியாக வேண்டும். நெல்லை மூட்டை கட்டி விலை ஏறட்டும் என்று இருக்கலாம், கூட்டை முடியாது. அவசரம் ஒருவனுக்கு, லாபம் இன்னொருவனுக்கு. இதைச் சந்தை என்று சொல்வதற்கு வாய் கூசுகிறது.

ராத்திரியும் ரெண்டு தடவை எழுந்து கண்ணாடியைப் பார்க்கிறார் மாமா. கூலி தழை போடுவதற்கு மட்டும்தான். காற்றுப் பார்ப்பதற்கு ஒரு ரூபாயும் கிடையாது.