அப்பாவுக்கு ஒரு தோணி

கதவுக்கு மரம் வாங்குவார்கள், கட்டிலுக்கு வாங்குவார்கள். நான் பாடி பக்கம் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கியது ஒரு குளியல் தொட்டிக்காக. பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். தேக்குக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் எந்த புரொபசர் சொல்லித் தந்தார்?

தொட்டி எனக்கில்லை சார், அப்பாவுக்கு. ஆவடி டாங்க் ஃபாக்டரியில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷர், போன வருஷம் வலது கை, கால் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம் ஓட, ஆயுர்வேத வைத்தியர் எண்ணெய் தாரை செய்யச் சொன்னார். அதற்கு மரத் தோணி வேண்டுமாம். ஆள் நீளத்துக்குப் படகு மாதிரி குடைந்த கட்டை. உடம்பில் ஊற்றும் எண்ணெய் கால்மாட்டில் வந்து சேரும். சுட வைத்து மறுபடி ஊற்றுவார்கள். ஃபைபரிலும் கிடைக்கிறது. “பிளாஸ்டிக்ல ஊற நான் என்ன ஊறுகாயா?” என்று அப்பா குழறலாகவே மறுத்துவிட்டார்.

என்ன மரம்? வைத்திய நூல் பட்டியலில் ஆல், அத்தி, மா, வில்வம், வேம்பு, மருது என்று கிட்டத்தட்ட இருபது மரம். பாதி கோயில் தல விருட்சம்! கேரளத்தில் எட்டி மரத்தில் குடைவதும் உண்டு என்றேன். “எட்டியா? என்னை ஒரேயடியா அனுப்பிடப் பார்க்கறியா?” என்றார் அப்பா. விஷம் முக்கியமாக விதையில் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, சீக்கிரம் உளுக்காது. ஆனால் கன அடி விலை கேட்டதும் எனக்கே தாரை தேவைப்பட்டது. மாமரம் மலிவு, பூச்சிக்கும் அது தெரியும். வேங்கையில் சாயம் இறங்கும்.

பலகைகளை ஒட்டிச் செய்தால் என்ன? ஜப்பான்காரன் ஹினோக்கி மரத்தில் அப்படித்தானே குளியல் தொட்டி செய்கிறான்? ஆசாரி சிரித்தார். “அது தண்ணி தம்பி. மரம் ஊறி உப்பும், இடுக்கு தானா அடைஞ்சுக்கும். எண்ணெய்க்கு மரம் அப்படி உப்பாது, ஒழுகிக்கிட்டே இருக்கும். ஒரே கட்டையில குடையணும்.” தண்ணீர்த் தொட்டியும் காய்ந்தால் விரியும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அம்பத்தூரில் அப்படி ஒன்று இருந்திருந்தால் சல்லடைதான்.

ஒரே கட்டை என்றதும் அம்மா கொல்லைப்புறத்தைக் காட்டினாள். வீடு கட்டியபோது அப்பா நட்ட வேம்பு, 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் சாய்ந்தது. விற்க விடாமல், செங்கல் மேல் ஏற்றி ஷீட்டுக்கு அடியில் அப்பா போட்டு வைத்திருந்தார். “பாம்பு அடையும்” என்று அம்மா வருஷக் கணக்காகத் திட்டிய கட்டை.

ஆசாரி வாய்ச்சியால் கொத்தினார். மேல் பக்கம் கரையான் தின்றிருந்தது. வைரத்தில் வாய் வைக்கவில்லை. முனை வெடிப்பை அறுத்து, நீளவாக்கில் பிளந்து அளந்தார். “அகலம் ஒண்ணே முக்கால் அடிதான் வரும். சாதாரணமா பத்தாது...” என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “ஐயாவுக்குப் போதும்.”

அம்மா உள்ளே போய்விட்டாள்.

பதினெட்டு நாள் குடைந்தார். முதல் நாள் தோணியில் படுத்ததும் அப்பா இடது கையால் விளிம்பைத் தட்டினார். எண்ணெய் தலைமாட்டிலேயே தேங்கி நின்றது.

“லெவல் பார்த்தியாய்யா? கால் பக்கம் அரை இஞ்ச் இறக்கு!”

ஆசாரி அவசரமாகத் தலைப்பக்கம் சக்கை தேடினார்.